தீவனப்புல்லுக்கு அசோஸ்பைரில்லம்: பொட்டலமா, புட்டியா, கிடையா?

மதுரையைச் சுற்றியுள்ள உரக்கடைகளில் கம்பு நேப்பியர் தீவனப்புல்லுக்கு என்று கேட்டால் யூரியாவோடு அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரத்தையும் எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். 200 கிராம் கறுப்புப் பொடிப் பொட்டலம் ஒன்று, திரவப் புட்டி ஒன்று. அரசுத் தயாரிப்பு வேண்டுமென்றால் வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்கலாம். இரண்டுக்கும் ஒரே வாக்குறுதிதான்: காற்றில் இருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, இழுத்துப் புல்லுக்குக் கொடுக்கும், யூரியா செலவு குறையும்.

வாங்கலாமா என்றால், நடவின்போது கரணையோடு, அதாவது நடும் தண்டுத் துண்டோடு, சேர்த்து வைக்க வாங்கலாம். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் வயல் முழுக்கத் தூவவோ தெளிக்கவோ வாங்கினால் பெரும்பகுதி வீண். யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாம் என்ற நினைப்பில் வாங்கினால் மூன்றாவது அறுப்பில் புல் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மேய்ச்சல் தரைக்கு, அதாவது கொழுக்கட்டைப்புல் போட்ட மானாவாரி நிலத்துக்கு, இதைவிட நல்ல வழி நம் ஊரிலேயே இருக்கிறது: ராத்திரியில் ஆட்டு மந்தையை நிலத்தில் படுக்கவைக்கும் கிடை. அது பின்னால் வருகிறது.

அசோஸ்பைரில்லம் புல்லோடு பிறந்த சரக்கு என்பது உண்மைதான். 1970-களில் பிரேசிலில் மண் நுண்ணுயிர் ஆய்வாளர் யோஹன்னா டோபராய்னர் வெப்பமண்டலப் புற்களின் வேரிலிருந்து இந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. 1978-ல் இதற்கு இன்றைய பேர் வந்தது. பயறுவகை வேரில் ரைசோபியம் என்ற பாக்டீரியா முடிச்சுக் கட்டிக்கொண்டு குடியிருப்பதுபோல இது குடியிருப்பதில்லை. வேரைச் சுற்றியும், வேர்த்தோலின் மேல் அடுக்குகளிலும் ஒட்டிக்கொண்டு, வேர் கசியவிடும் சர்க்கரையையும் அமிலங்களையும் தின்று பிழைக்கிறது. காற்றின் நைட்ரஜன் மூலக்கூறு ஒன்றை உடைத்து அம்மோனியாவாக்க ஏ.டி.பி. என்ற செல் எரிபொருள் மூலக்கூறு 16 செலவாகும். முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியத்துக்குச் செடியே நேரடியாகச் சர்க்கரை ஊட்டுகிறது. வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் இதற்குக் கசிவுதான் சாப்பாடு. அரை வயிற்றுக் கூலிக்கு முழு நாள் வேலை கிடைக்காது.

ஆகவே, இதனால் வரும் பலனில் பெரிய பங்கு தழைச்சத்தே அல்ல. இந்த பாக்டீரியா இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. பக்கவேரும் வேர்த்தூவியும் கூடுகின்றன. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சத்தையும் ஈரத்தையும் புல் கூடுதலாக உறிஞ்சுகிறது. ஒரு மாதப் பயிரைத் தூரோடு பிடுங்கி வேரை அலசிப் பார்த்தால் வித்தியாசம் தெரியவேண்டும்: போட்ட தூரில் மெல்லிய வேர்கள் சடையாக இருக்கும், மண் உதறினாலும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இலை நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். பச்சை நிறம் யூரியாவுக்கும் வரும், மழைக்கும் வரும்.

துண்டறிக்கைகளில் ஹெக்டேருக்கு 20 முதல் 40 கிலோ தழைச்சத்து என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே ஒப்புக்கொண்டாலும் ஏக்கருக்கு 8 முதல் 16 கிலோதான். கோ 4, கோ 5 போன்ற கம்பு நேப்பியர் ஒரு அறுப்பில் ஏக்கருக்கு 15 டன் பச்சைப்புல் தருகிறது என்று வைப்போம். ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள், 3 டன். புரதம் 10 சதவீதம் என்றால் அதில் 1.6 சதவீதம் நைட்ரஜன். ஆக ஒரே அறுப்பில் 48 கிலோ தழைச்சத்து கட்டுக்கட்டாக மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுகிறது. 45 நாளுக்கு ஒருமுறை இது நடக்கிறது. பாக்டீரியா ஒரு பருவம் முழுக்க உழைத்துத் தருவதாகச் சொல்லும் சத்து ஒரு அறுப்பின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது.

காசுக் கணக்கும் இதே கதைதான். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து. கிலோ 13 ரூபாய் கூட வரவில்லை. மானியம் இல்லாமல் இந்த விலை வராது என்பது வேறு விஷயம். அந்த விலைக்கு 8 முதல் 16 கிலோ என்பது 100 முதல் 200 ரூபாய்ச் சரக்கு. தழைச்சத்துக்காக மட்டும் ஏக்கருக்கு அதற்கு மேல் செலவழித்துப் புட்டி வாங்குவதில் லாபமில்லை. வேருக்காக வாங்குகிறீர்கள் என்றால் கொடுக்கலாம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் யூரியாவை நிறுத்தச் சொல்லவில்லை. ஹெக்டேருக்கு அசோஸ்பைரில்லம் 2 கிலோ, மண்ணின் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்துக் கொடுக்கும் பாஸ்போபாக்டீரியா 2 கிலோ போட்டு, ரசாயன உரத்தில் 25 சதவீதத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. முக்கால் பங்கு உரம் போட்டே ஆகவேண்டும். கடைக்காரர் சொல்லாமல் விடும் வரி இது.

இனி பொட்டலமா புட்டியா என்ற கேள்வி. 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-ல் உயிர் உரங்களையும் சேர்த்தார்கள். அதன்படி பொடியில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல், திரவத்தில் ஒரு மில்லிக்குக் குறைந்தது 10 கோடி செல் இருக்கவேண்டும். இதைக் காட்டித்தான் ‘திரவம் இரண்டு மடங்கு வீரியம்’ என்று விற்கிறார்கள். அளவையும் சேர்த்துப் பெருக்கிப் பாருங்கள். பொடி ஏக்கருக்கு நாலு பொட்டலம், 800 கிராம். மொத்தம் 4,000 கோடி செல். திரவம் ஹெக்டேருக்கு அரை லிட்டர் என்று போடச்சொல்லும் புட்டியில் ஏக்கருக்கு 200 மில்லி. மொத்தம் 2,000 கோடி. சட்டம் கேட்கும் குறைந்த அளவில் இரண்டும் இருந்தால் வயலுக்குப் போய்ச் சேரும் செல் பொடியில்தான் இரட்டிப்பு.

அப்படியானால் திரவத்துக்கு என்ன பெருமை? ஆயுள். பொடியில் ஈரம் காய்வதும் கலப்படக் கிருமியும் சேர்ந்து செல்லைத் தின்றுவிடும்; ஆறு மாதம்தான் கெடு. திரவத்தில் கிளிசரால் போன்ற பாதுகாப்புப் பொருள் சேர்ப்பதால் செல்கள் உறங்குநிலையில் கிடக்கும், ஒரு வருஷம் தாங்கும். சொட்டுநீரில் விடவும் திரவம்தான் தோது. பொடியைக் கரைத்து வடிகட்டி விட்டாலும் அந்தப் பழுப்பு நிலக்கரித் தூள் சொட்டுவாயை அடைத்துவிடும். ஆகவே சொட்டுநீர் இருந்தால் புட்டி. வாய்க்கால் பாசனம், கையால் நடவு, அன்றே பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் புதுப் பொட்டலம். புதுப் பொட்டலம் என்பதில்தான் சிக்கலே.

சித்திரை, வைகாசியில் மதுரை 40 டிகிரியைத் தொடுகிறது. தகரக்கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் சூடு அதற்கும் மேலே. அங்கே இரண்டு மாதம் கிடந்த பொட்டலத்தில் எத்தனை செல் மிச்சமிருக்கும் என்பதை அட்டையில் உள்ள தேதி சொல்லாது. கடையில் அது எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பூச்சிமருந்து அலமாரியில், மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில், வெயில் படும் கண்ணாடிக்குள் இருந்தால் அந்தக் கடையில் வேண்டாம். தரையோடு, நிழலில், காற்றோட்டமான மூலையில் இருந்தால் பரவாயில்லை. லேபிளில் தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, செல் எண்ணிக்கை, தயாரிப்பாளர் முகவரி, எந்தப் பயிருக்கு என்பது ஆகியவை இருக்கவேண்டும். ‘அனைத்துப் பயிர்களுக்கும், அனைத்துச் சத்துகளும்’ என்று எழுதி, எண்ணிக்கை போடாத புட்டியை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பொட்டலத்தைக் கையில் பிடித்து அமுக்கினால் லேசாகக் கட்டி பிடிக்கவேண்டும். 30 முதல் 40 சதவீதம் ஈரம் இருக்கவேண்டிய பொருள் அது. மாவுபோல் பறந்தால் காய்ந்துவிட்டது, உள்ளே பெரும்பாலும் பிணம்தான். திரவத்தில் அடியில் வண்டல் இருப்பது குறையில்லை, குலுக்கினால் கலந்துவிடும். மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் அழுகல் வாடை அடித்தாலோ வேறு கிருமி புகுந்துவிட்டது. உயிர் இருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. ஆய்வகத்தில் தழைச்சத்தே இல்லாத, பாதி இறுகிய வளர்ப்பு ஊடகத்தில் ஊசியால் குத்தி வைப்பார்கள். மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்தால் அசோஸ்பைரில்லம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும், நிறையக் காற்று ஆகாது. அதனால்தான் ஏடு மேலே படராமல் கொஞ்சம் கீழே நிற்கிறது. வயலிலும் அதே குணம்தான். பொருக்காகக் காய்ந்த மண்ணிலும் வேலை செய்யாது, நாள்கணக்கில் தண்ணீர் தேங்கிய மண்ணிலும் செய்யாது.

எப்படிப் போடுவது என்பதுதான் இந்தப் பொருளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. நாலு பொட்டலத்தை அதில் பரவலாகத் தூவினால் ஒரு கிராம் மண்ணுக்கு 44 செல். அதே ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் பாக்டீரியா குடியிருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் நாலு பேரை இறக்கிவிட்டு ஊரைப் பிடிக்கச் சொல்வதுபோலத்தான். அதே நாலு பொட்டலத்தை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லியில் 10 லட்சம் செல். அதில் கரணையை முக்கி நட்டால், வேர் கிளம்பும் கணுவிலேயே லட்சக்கணக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். பொருள் ஒன்று, அளவு ஒன்று, செலவு ஒன்று. பலன் மட்டும் வேறு.

செய்முறை இது. 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 13,300 இருபருக் கரணை வேண்டும். அகலமான ட்ரம்மில் 40 லிட்டர் தண்ணீர். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீராக இருந்தால் முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள். ஆறிய சோற்றுக்கஞ்சி இரண்டு லிட்டர் ஊற்றினால் பொடி கரணையில் ஒட்டும். நாலு பொட்டலத்தில் மூன்றை முதலில் ஒரு வாளியில் கெட்டியாகக் கரைத்து, பிறகு ட்ரம்மில் ஊற்றிக் கலக்கவேண்டும். நேராகக் கொட்டினால் மிதந்துகொண்டே இருக்கும். கரணையை நூறு நூறாகக் கட்டிக் கால் மணி நேரம் அமிழ்த்தி எடுத்து நிழலில் வடியவிட்டு அன்றைக்கே நடவேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் ஒரு கம்பால் கலக்கிவிடுங்கள், தூள் அடியில் தங்கிவிடும். கரைசல் குறையக் குறையத் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் கடைசிக் கட்டுகளுக்கு வெறும் சாயம்தான் கிடைக்கும். ஆகவே நாலாவது பொட்டலத்தைப் பாதி வேலைக்கு என்று ஒதுக்கி வைப்பது நல்லது. பூஞ்சாணக்கொல்லியில் நனைத்த கரணை என்றால் ஒரு நாள் விட்டுத்தான் இதில் முக்கவேண்டும்.

ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் புல்லுக்குப் போட நினைப்பவர்கள் தொழுஉரத்தில் ஊட்டமேற்றிப் போடுங்கள். நன்றாக மக்கிய, சலித்த எரு 100 கிலோவில் நாலு பொட்டலம் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கும் அளவு ஈரமாக்கி, நிழலில் குவித்து ஈரச்சாக்கால் மூடி ஏழு முதல் பத்து நாள் வைக்கவேண்டும். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்து, நடுவில் ஒருமுறை கிளறிவிடவேண்டும். குவியல் கைபொறுக்காத சூடானால் எரு மக்கவில்லை என்று பொருள்; பாக்டீரியா வெந்துவிடும். அறுப்பு முடிந்து தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் சாயங்காலம், தூருக்குத் தூர் ஒரு கைப்பிடி வைத்து மண்ணைத் தள்ளி மூடவேண்டும். வெயிலில் மேலாக வீசிவிட்டுப் போவது வேலையாட்களுக்குச் சுலபம், பாக்டீரியாவுக்குச் சாவு.

யூரியாவையும் இதையும் ஒன்றாகக் கலந்து போடுவதைப் பரவலாகப் பார்க்கலாம். மண்ணில் கரைந்த தழைச்சத்து கூடினால் நைட்ரஜனேஸ் என்ற நொதியைச் செய்வதையே பாக்டீரியா நிறுத்திவிடும். சோறு மலிவாகக் கிடைக்கும்போது அது ஏன் காற்றை உடைக்கவேண்டும்? இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள். சாம்பல், சுண்ணாம்பு, தாமிரம் கலந்த மருந்து எதையும் கூடச் சேர்க்கவேண்டாம். சொட்டுநீர்க் குழாயில் அமிலம் விட்டுக் கழுவிய அன்றைக்கே திரவத்தை விடவும் கூடாது.

போட்டும் பலன் இல்லை என்று புகார் வரும் வயல்களில் பெரும்பாலும் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலம் இப்படித்தான். மண் பரிசோதனை அட்டையில் அந்த வரியை முதலில் பாருங்கள். தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் ‘குறைவு’ என்று எழுதுவார்கள். கரிமமும் குறைவு, தழையும் குறைவு என்றால் ஏக்கருக்குப் பத்து டன் எரு போட்ட பிறகே பொட்டலத்தைப் பற்றி யோசிக்கலாம். அந்தப் பத்து டன்னிலேயே சுமார் 50 கிலோ தழைச்சத்து இருக்கிறது. முதல் வருஷம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் புல்லுக்குக் கிடைக்கும். மீதி நுண்ணுயிர்களின் உடம்பிலும் மட்கிலும் தங்கி மெதுவாக வெளிவரும். எரு மக்காமல் வைக்கோலும் தும்பும் கலந்திருந்தால் கதை தலைகீழ். கரிமம் தழையைவிட 30 மடங்குக்கு மேல் இருக்கும் குப்பையைத் தின்னும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். எரு போட்டும் புல் மஞ்சளடிக்கும். அதற்கு அசோஸ்பைரில்லத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

யூரியாவின் தரப்பையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பொட்டலம் மிச்சப்படுத்துவதைவிட யூரியாவைச் சரியாகப் போடுவது அதிகம் மிச்சப்படுத்தும். ஹெக்டேருக்கு ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் 75 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு 65 கிலோ யூரியா, ஏறக்குறைய ஒன்றரை மூட்டை. ஈரமான தரைமேல் யூரியா விழுந்ததும் மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி அதை அம்மோனியாவாக உடைக்கிறது. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் கார அமில நிலை 8-ஐத் தாண்டும். அங்கே உச்சிவெயிலில் மேலாக வீசினால் அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். சில சமயம் மூக்குக்கே தெரியும். தூரைச் சுற்றிக் கீறி, போட்டு, மூடி, உடனே தண்ணீர் விட்டால் அந்த நட்டம் வெகுவாகக் குறையும்.

தப்பித்த அம்மோனியாவை நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற மண் பாக்டீரியாக் கூட்டம் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. நைட்ரேட் தண்ணீரோடு ஓடும். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேறொரு கூட்டம் அதை மறுபடி வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்பிவிடும். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பம் பிடிக்கும் சரக்கு. 2015 முதல் யூரியாவுக்கெல்லாம் வேப்பெண்ணெய் பூசியே விற்பதற்கு ஒரு காரணம் இந்த நைட்ரோசோமோனாஸை மெதுவாக்குவதுதான். சில புற்கள் இதைத் தாமே செய்கின்றன. பிராக்கியாரியா ஹியூமிடிகோலா என்ற மேய்ச்சல் புல்லின் வேர் பிராக்கியாலாக்டோன் என்ற பொருளைச் சுரந்து நைட்ரேட் ஆவதைத் தடுப்பதாக 2009-ல் கண்டுபிடித்தார்கள். நம் கம்பு நேப்பியரிடம் அந்த அளவு சாமர்த்தியத்தை எதிர்பார்க்கவேண்டாம். தண்ணீரை அளந்து விடுவது நம் வேலை.

யூரியா போட்டு மூன்று, நாலு வாரத்துக்குள் அறுத்தால், அதுவும் வாடி நிற்கும் புல்லை அறுத்தால், தண்டில் நைட்ரேட் தேங்கியிருக்கும். மாட்டின் இரைப்பையில் அது நைட்ரைட்டாகி ரத்தத்தின் பிராணவாயுச் சுமப்பைக் கெடுக்கும். ரத்தம் சாக்லேட் நிறமாகும், மாடு மூச்சுவாங்கும். வாடிய புல்லுக்கு யூரியா போட்டுவிட்டு அவசரப்பட்டு அறுக்காதீர்கள். தீவனச் சோளத்துக்கு இது இரட்டை எச்சரிக்கை.

இனி மேய்ச்சல் தரை. நாகமலை அடிவாரம், எழுமலை, கொட்டாம்பட்டிப் பக்கம் மானாவாரியாகக் கொழுக்கட்டைப்புல் போடுகிறவர்களுக்கு அசோஸ்பைரில்லப் பொட்டலம் இரண்டாம்பட்சம்தான். விதைக்கும்போது ஒரு பொட்டலத்தைக் கஞ்சியில் குழைத்து விதையில் பிசறி அரை மணி நேரம் நிழலில் உலர்த்திப் போடுங்கள், அதோடு விடலாம். காரணம், மேயும் நிலத்தின் கணக்கே வேறு. அறுத்துக் கொண்டுபோகும் வயலில் தழைச்சத்து அத்தனையும் வெளியே போகிறது. மேயும் நிலத்தில் கால்நடை தின்ற தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் சாணமாகவும் மூத்திரமாகவும் அங்கேயே விழுகிறது. வறண்டு கிடந்த மண்ணில் முதல் கோடைமழை விழுந்ததும் உறங்கிய நுண்ணுயிர்கள் கூட்டமாக எழுந்து, செத்த செல்களையும் சருகையும் தின்று, தழைச்சத்தை ஒரே வீச்சில் விடுவிக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு எழும்பாத புல் ஒரு மழைக்கு எழும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இடிமின்னலில் சத்து இறங்குகிறது என்பார்கள். இறங்குகிறது, ஆனால் சொற்பம்.

அந்த நிலத்துக்குப் புதிதாகத் தழைச்சத்து கொண்டுவர முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியைச் சேருங்கள். மூன்று பங்கு கொழுக்கட்டைப்புல்லுக்கு ஒரு பங்கு. ஒரு டன் உலர்ந்த தழை தரும் பயறுவகைத் தீவனம் 20 கிலோ அளவுக்குக் காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்திருக்கும் என்பது பொதுக்கணக்கு. எந்தப் புட்டியும் இதற்குக் கிட்டே வராது. முயல் மசால் விதைத்தோல் கடினம். 80 டிகிரி சூட்டுத் தண்ணீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். கொதிக்கும் தண்ணீரில் மறந்துவிட்டால் அவியலாகிவிடும். ரைசோபியம் பொட்டலம் போட்டால் நல்லது, போடாவிட்டாலும் நம் மண்ணில் தட்டைப்பயறோடு பழகிய ரைசோபியம் பெரும்பாலும் போய் ஒட்டிக்கொள்ளும். 45 நாளில் ஒரு செடியை மண்வெட்டியால் கெல்லி எடுத்து முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே ரத்தச்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் மணிச்சத்துக் குறைவா என்று பாருங்கள், சூப்பர் பாஸ்பேட் போடுங்கள்.

ஜீவாமிர்தத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். 200 லிட்டரில் சாணம் 10 கிலோ, மூத்திரம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறுமாவு 2 கிலோ. இத்தனையிலும் இருக்கும் தழைச்சத்து கால் கிலோவுக்குள் அடங்கும். நுண்ணுயிருக்கு வெல்லம் ஒரு விருந்து, அவ்வளவுதான். எருவோடு சேர்த்துப் போட்டால் பயனுண்டு. உரமாகக் கணக்கெழுதக் கூடாது. முதலில் வந்த 4 சதவீத நானோ யூரியா அரை லிட்டர் புட்டியிலும் 20 கிராம் தழைச்சத்துதான் இருந்தது.

கிடைதான் இந்தப் பட்டியலில் முழு மதிப்பெண் வாங்குகிறது. 30 கிலோ ஆடு ஒன்று நாளைக்கு ஒரு கிலோ உலர்தீவனம் தின்றால் 11 கிராம் அளவு தழைச்சத்தை வெளியே தள்ளும். ராத்திரிப் பங்கு அதில் பாதி. 500 ஆடு ஒரு ராத்திரி படுத்தால் இரண்டரை கிலோவுக்கு மேல். ஒரே ஏக்கருக்குள் பட்டியை மாற்றி மாற்றி ஐந்து ராத்திரி போட்டால் 13 கிலோ. பொட்டலம் தருவதாகச் சொல்லும் அளவு இது. கூடவே மணிச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாஷும்) கரிமமும் சும்மா வருகின்றன. ‘ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்பது வெறும் பேச்சில்லை. புழுக்கையில் தழைச்சத்து செறிவு அதிகம், சீக்கிரம் மக்கி அந்த வருஷமே புல்லுக்குக் கிடைத்துவிடும். புலிக்குளம் இனக் கிடைமாடு போட்டால் சாணம் மெதுவாகத்தான் கொடுக்கும்.

மந்தையை நடத்தும் கீதாரியிடம் பேசும்போது இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்கவேண்டும். ஒன்று, பட்டி ஒவ்வொரு ராத்திரியும் நகரவேண்டும். ஒரே இடத்தில் இரண்டு, மூன்று ராத்திரி படுத்தால் மூத்திரம் விழுந்த இடம் கருகும், அம்மோனியாவாகப் பறக்கும் பங்கும் கூடும். உழவு நிலத்தில் மறுநாளே ஓர் உழவு ஓட்டி மூடிவிடுவார்கள். புல் நிலத்தில் அது முடியாது. ஆகவே ஆடி, ஆவணியில் மழை எட்டும் தூரத்தில் இருக்கும்போது போடுவது உத்தமம். இரண்டு, ஆடுகள் அதற்கு முன் எங்கே மேய்ந்தன என்பது. சீமைக்கருவேலம் நெற்று தின்ற மந்தை என்றால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்து விழும். ஐப்பசி மழைக்கு முளைத்து நிற்கும். முழங்கால் உயரம் ஆவதற்குள், மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க ஆள் விடவேண்டும். அந்தக் கூலியையும் கிடைக்கூலியோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.